நான்காவது சாவடியில் நிற்கும் லாரி

சென்னை, சைதாப்பேட்டை
2025 ஜூலை 4

சரண்யாவுக்கு,

கவரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன்னோடு பேச மாட்டேன் என்று பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அப்பாவிடம் சொன்னேன். அதை இன்றுவரை மீறவில்லை. அதனால் போன் செய்யாமல் எழுதுகிறேன். அன்புராஜின் பழைய நம்பருக்கு இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். அணைத்து வைத்திருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு கம்பெனி, தமிழ்ப் படங்களை வைத்து அந்தக் காலத்துப் பட்டன் போனுக்குச் செய்த கேம்களையெல்லாம் தேடிப் பிடித்து, பன்னிரண்டை எடுத்து, இப்போதைய போனிலும் டிவியிலும் விளையாடுகிற மாதிரி ஒரே தொகுப்பாக வெளியிடப் போகிறது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி வருகிறது. அதில் மூன்று, நானும் அன்புராஜும் பாண்டியில் வேலை பார்த்தபோது செய்தவை. 'எல்லைச்சாவடி' உனக்கு மறந்திருக்காது. படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. கேம் நான்கு வருஷம் ஓடியது. மடுகரை பஸ்ஸில் ஏறினால் எவனாவது ஒருவன் அந்த லாரியை ஓட்டிக்கொண்டிருப்பான்.

இப்போது அந்த லாரி நான்காவது சாவடியில் நின்றுவிடுகிறது. புதுப் போனில் கேட் திறப்பதே இல்லை. அதைச் சரிசெய்வதற்காக என்னை வரவழைத்து ஒரு மாசம் ஆகிறது. நான் படம் வரைந்தவன். புரோகிராம் முழுக்க அவன் எழுதியது. எனக்கு அதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தெரிந்தவன் மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புராஜிடம் கேட்டு நான்கு வரி எழுதி அனுப்பு. ஜூலை முடிவதற்குள் வேண்டும்.

உனக்கு ஒரு பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்பா நடமாடிக்கொண்டிருக்கிறார்.

மணவாளன்


கரியமாணிக்கம், மாதா கோயில் தெரு
2025 ஜூலை 9

அண்ணா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், என் வீட்டுக்காரரைப் பற்றி உனக்கு ஏதோ சேதி தெரிந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். தபால்காரர் சைக்கிளைத் திருப்புவதற்குள் பிரித்துவிட்டேன். லாரி நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

அவர் வீட்டை விட்டுப் போய் இன்றோடு இருபத்தேழு நாள்.

உனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன். அவர் இங்கே கடைகளுக்குக் கேமரா மாட்டுகிற வேலை செய்துகொண்டிருந்தார். மே மாசக் கடைசியில் யாரோ அந்தத் தொகுப்பின் விளம்பரத்தை அவர் போனுக்கு அனுப்பினார்கள். நம் லாரி ஓடுவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். என் மகள் ரோஸ்லினுக்குப் பதிமூன்று வயது. அவளைக் கூப்பிட்டு, "இது அப்பா செஞ்சதுடி" என்று காட்டினார். கடைசியில் பெயர்கள் வந்தன. 'படமும் புரோகிராமும் மணவாளன்' என்று இருந்தது. அவர் பெயர் இல்லை.

தவறு நடந்திருக்கும் என்று கம்பெனியின் இணையப் பக்கத்தில் மரியாதையாகத்தான் எழுதினார். அங்கே இருந்தவர்கள் பதிலுக்கு ஒரு காகிதத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். நாங்கள் வில்லியனூரில் பதிவுத் திருமணம் செய்த மறுநாள் நீ பழைய முதலாளிக்கு எழுதிக் கொடுத்த காகிதம். 'மூன்று கேம்களும் முழுவதும் என் உழைப்பு. அன்புராஜ் என்பவர் டீ வாங்கி வரவும் எடுபிடி வேலைக்கும் மட்டுமே வைத்துக்கொள்ளப்பட்டார்.' கீழே உன் கையெழுத்து.

அவரை அப்போது வேலையை விட்டு நிறுத்தியது ஏன் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை அண்ணா. "ஒங்க அண்ணன் கையெழுத்து இன்னா அழகா இருக்கு பாரு" என்றார். ஊர் முழுக்க அந்தக் காகிதம் பரவிவிட்டது. நெட்டப்பாக்கத்தில் கடை வாசலில் ஒருவன், "இன்னாப்பா, கேம் செஞ்சேன்னு சொல்லிகினு இருந்தியே, டீ வாங்கத்தான் போனியாமே" என்று கேட்டிருக்கிறான். அதன்பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 12 காலை, "பாகூர்ல ஒரு கடையில கேமரா ஓடலயாம், பாத்துட்டு வந்துடறேன்" என்று போனார். மத்தியானம் பாகூர் ஏரிக்கரையில் வண்டி மட்டும் நின்றது. ஸ்க்ரூடிரைவர் பை வண்டியிலேயே இருந்தது. இரண்டு நாள் ஏரிக்குள் ஆளை இறக்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை. கிடைக்காததே நல்லது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

நான்காவது சாவடியை யாரிடம் கேட்டு எழுதட்டும்?

சரண்யா


சென்னை
2025 ஜூலை 14

சரண்யா,

கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. லாட்ஜிலேயே கிடந்தேன். எனக்குத் தெரியாது. ஏரிக்கரை, போலீஸ் எதுவும் தெரியாது. அப்பா போனில் பேசியபோது சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காகிதத்தை நான்தான் எழுதினேன். அன்றைக்கு வீட்டில் அம்மா அடுப்பு மூட்டவில்லை. அப்பா கொல்லையில் போய் நின்றவர் உள்ளே வரவே இல்லை. என் சிநேகிதன் என்று ஐந்து வருஷம் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தவன் நான். "நீ கூட்டினு வந்தவன்தானே" என்று ஒவ்வொருத்தரும் என்னையே பார்த்தார்கள். என்னால் அவனை அடிக்க முடியவில்லை. எழுதினேன். மறுநாளே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். முதலாளி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் கம்பெனியை விற்றபோது அந்தப் பெட்டியும் சேர்ந்து இங்கே வந்திருக்கிறது.

போன வருஷம் இவர்கள் கூப்பிட்டு, "மூணும் நீங்க செஞ்சதுதானே சார்?" என்றார்கள். பத்து வருஷமாக மடுகரையில் மஞ்சள் நீராட்டுக்கும் காதுகுத்துக்கும் பேனர் செய்துகொண்டிருந்தவனை யாரோ சார் என்று கூப்பிட்டார்கள். ஆமாம் என்றேன். இதைத் தவிர எனக்குச் சொல்லக் காரணம் இல்லை.

கடலூரில், விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்தவர்களிடம் அவன் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். இங்கே உண்மையைச் சொன்னால் அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் பொறு. முதலில் இந்த லாரியை ஓடவைத்துவிட்டால் என் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். அவனுடைய பழைய நோட்டுகள் வீட்டில் இருந்தால் அனுப்பு.

மணவாளன்


கரியமாணிக்கம்
2025 ஜூலை 19

அண்ணா,

நோட்டு இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

புதன்கிழமை ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கடலூர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஒரு ஆள், நாற்பது வயது இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். கூட வந்த ஏட்டு நல்ல மனிதர். "கால மட்டும் பாரும்மா, மூஞ்சிய பாக்க வேணாம்" என்றார். என் வீட்டுக்காரர் இடது கால் கட்டைவிரல் நகம் சிதைந்திருக்கும். அந்த ஆளுக்கு நகம் நன்றாக இருந்தது. அது அவர் இல்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் சிரித்தேன் அண்ணா. எவளோ ஒருத்தியின் புருஷன் உள்ளே கிடக்கிறான், நான் சிரித்தேன். அதன்பிறகு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நீ பொறு என்கிறாய். எதுவரை?

நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தால் எங்கேயாவது ஒரு டீக்கடையில், ஒரு பஸ்ஸில், எவன் போனிலாவது அந்தத் தொகுப்பைப் பார்ப்பார். எங்கே இருந்தாலும் பார்ப்பார், எனக்குத் தெரியும். பார்த்தால் கடைசிவரை போய்ப் பெயரைத் தேடுவார். அங்கே அவர் பெயர் இருந்தால் வீட்டுக்கு வருவார். அவருக்கு நான் சேதி சொல்ல எனக்கு வேறு வழி இல்லை. போன் இல்லை, முகவரி இல்லை.

ஆகஸ்ட் 15-க்குள் அவர் பெயரைப் போட வை. அதைச் செய்தால் எழுது. செய்யாவிட்டால் எழுதாதே.

சரண்யா


சென்னை
2025 ஜூலை 29

சரண்யா,

நானாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை.

அவன் எழுதிய புரோகிராமுக்கு நடுவே குறிப்புகள் இருக்கின்றன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, திறந்து பார்க்கிற மனிதனுக்கு மட்டும் எழுதியது. நான் ஒன்றரை மாசமாக அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தும் படித்ததில்லை. போன வாரம்தான் ஒவ்வொன்றாகப் படித்தேன். 'மணா, லாரி படம் பெருசா இருக்குடா, சின்னதா குடு.' 'மணா, உங்க அம்மா குடுத்த அதிரசத்த தின்னுட்டு எழுதுனது, தப்பு இருந்தா திட்டாத.' பதினோரு இடத்தில் என் பெயர்.

இந்தத் தொகுப்புக்குப் பொறுப்பாக மஞ்சுளா என்று ஒரு அம்மா இருக்கிறார். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தக் குறிப்புகளைத் திரையில் காட்டினார்.

"மணவாளன் சார், இதுல மணா மணான்னு கூப்புடறது யாரு?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உங்கள நீங்களே டா போட்டுக் கூப்புட்டுக்குவீங்களா?"

அப்புறம்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம், ஏரி, நீ கடலூர் போனது. அந்த அம்மா முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். ஆனால் வேலை என்று வரும்போது வேறு ஆள். "ஓடாத கேம், தகராறுல இருக்கற பேரு. மூணையும் எடுத்துட்டு ஒம்போதா வெளியிடறதுதான் எனக்குச் சுலபம்" என்றார். நான் கெஞ்சினேன் சரண்யா. இதற்குமுன் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. கடைசியில் ஒன்று சொன்னார். ஆகஸ்ட் 5-க்குள் லாரி நான்காவது சாவடியைத் தாண்ட வேண்டும். புரோகிராம் அவன் எழுதியதுதான் என்று அவன் மனைவி கைப்பட எழுதித் தர வேண்டும். இரண்டும் வந்தால் அவன் பெயர் இருக்கும். இல்லையென்றால் கேமே இருக்காது.

எனக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் 5-ஆம் தேதிவரை போக மாட்டேன். வாசலில் உட்கார்ந்தாவது காத்திருக்கிறேன். என்னால் அந்தக் கேட்டைத் திறக்க முடியவில்லை. எனக்கு வழி தெரியவில்லை.

மணவாளன்


கரியமாணிக்கம்
2025 ஆகஸ்ட் 2

அண்ணா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் நோட்டுகளை எடுத்தேன். மூன்று நீள நோட்டு. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. சமைக்கவில்லை. ரோஸ்லினுக்கு மாமியார் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்க ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டைப் பற்றி எழுதிய பக்கத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. கேம் முடிந்ததா, எங்கே தடுக்கிறது என்று பார்க்க நீங்கள் இரண்டு பேரும் என்னிடம்தானே போனைக் கொடுப்பீர்கள். ஆயிரம் தடவை ஓட்டியிருப்பேன். நான்காவது சாவடியில் மட்டும் குறுக்கே ஒரு நாய் ஓடும். நாய் போனதும் கேட் திறக்கும், லாரி போனதும் மூடும். பக்கத்து வீட்டு மணிவண்ணன் அப்போது புதிதாக வாங்கிய போனில் ஓட்டியபோது நாய் அம்பு மாதிரி ஓடியது, கேட்டும் சட்டென்று மூடிக்கொண்டது. உன் சிநேகிதரிடம் அதைச் சொன்னேன். "வேகமான போனு, அதான்" என்று சிரித்தார்.

நாயைப் பற்றிய பக்கத்தை எடுத்தேன். அங்கேதான் இருந்தது. நாய் ஓடி முடிந்ததும் கேட்டைத் திறந்து, நாற்பதாயிரம் வரை எண்ணி, மூடச் சொல்லியிருக்கிறார். பழைய போன் நாற்பதாயிரம் எண்ண நான்கு விநாடி ஆகும். லாரி போய்விடும். இப்போதைய போன் கண் இமைப்பதற்குள் எண்ணிவிடுகிறது. கேட் திறக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். அது திறந்து மூடிவிடுகிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணுவதை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நான்கு விநாடி நிற்கச் சொல்லுங்கள். எந்த இடம் என்று சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

மனைவியாக நான் எழுதித் தர வேண்டியதும் இதில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது 'அன்புராஜின் மனைவி' என்று எழுதுவதா, வேறு ஏதாவது எழுத வேண்டியிருக்குமா என்று கை நின்றது. மனைவி என்றே எழுதியிருக்கிறேன்.

பெயரோடு ஊரையும் போடச் சொல். அன்புராஜ் என்று ஆயிரம் பேர் இருப்பார்கள்.

சரண்யா


கரியமாணிக்கம்
2025 ஆகஸ்ட் 21

அண்ணா,

நீ மடுகரைக்கு வந்துவிட்டாய் என்று சொன்னார்கள். அதனால் அங்கே எழுதுகிறேன்.

தொகுப்பு வந்தது. சுதந்திர தினத்தன்று காலையிலேயே ரோஸ்லின் போனில் இறக்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்குப் போகவில்லை. நான்காவது சாவடி திறந்தது. லாரி போனது. எட்டுச் சாவடியையும் தாண்டி முடித்தாள். 'புரோகிராம்: அன்புராஜ், கரியமாணிக்கம்' என்று வந்தது. கீழே 'படம்: மணவாளன்.' மாமியார் அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கடை வாசலில் கேலி பேசியவனும் வந்தான்.

அன்றைக்கு முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மறுநாளும். இன்றோடு ஆறு நாள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு தடவை அடித்தது, பாய்ந்து எடுத்தேன். கேமரா சரியாக ஓடவில்லை, அன்புராஜ் இருக்கிறாரா என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

நேற்று மாமியார் பூசை வைக்கச் சொல்லி மாதா கோயில் சாமியாரிடம் போனார். நானும் கூடப் போனேன். சாமியார் புத்தகத்தைத் திறந்து, "என்ன கருத்துக்கும்மா?" என்று கேட்டார். உயிரோடு திரும்பி வரவேண்டும் என்றா, ஆத்துமா இளைப்பாற்றிக்காகவா என்று எழுத வேண்டுமாம். மாமியார் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். சாமியார் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டோம்.

பெயரைப் பார்த்தால் வருவார் என்று நினைத்தேன். பார்க்கக் கண் இருக்க வேண்டுமே என்று நினைக்கவில்லை. எனக்கு இனிமேல் யோசிக்க எதுவும் இல்லை அண்ணா.

சரண்யா


மரக்காணம்
2025 ஆகஸ்ட் 30

சரண்யா,

அன்புராஜ் உயிரோடு இருக்கிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். இதை நீ படிக்கும்போது அவன் உன் எதிரில் நிற்பான். அவன் சொல்ல மாட்டான், அதனால் நான் எழுதுகிறேன்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பையன் பேர என் எதுருல எடுக்காத" என்றார். எடுத்துக்கொண்டே இருந்தேன். துண்டை உதறிவிட்டு எழுந்து போனார். நான் பேனர் கடைக்குப் போய் அவன் முகத்தைப் பெரிதாகப் போட்டு, காணவில்லை என்று அறுபது போஸ்டர் அடித்தேன். கரையாம்புத்தூர், விழுப்புரம், திண்டிவனம் என்று லாரி நிற்கிற இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டே போனேன். பக்கிரி என்று உப்பு லோடு அடிக்கிற டிரைவர் ஒருவர் திண்டிவனத்தில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "இந்த ஆளு நம்ம வண்டிக்கு மூட்ட ஏத்தறாருங்க" என்றார்.

உப்பளத்தில் தலையில் துணி கட்டி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பாதம் முழுக்க வெடிப்பு. என்னைப் பார்த்ததும் ஓடுவான் என்று நினைத்தேன். மூட்டையை ஏற்றிவிட்டு வந்து, "இன்னாத்துக்குடா வந்த?" என்றான்.

அவன் தொகுப்பைப் பார்க்கவில்லை. ஜூன் 12-ஆம் தேதி போனை ஏரியில் எறிந்துவிட்டான். அவனும் முழங்கால்வரை இறங்கியிருக்கிறான். அதற்குமேல் முடியவில்லை. "சாவவும் துப்பில்ல, இன்னா மூஞ்ச வச்சிகினு வூட்டுக்குப் போறது" என்று வந்த லாரியில் ஏறிவிட்டான். நான் போனை எடுத்து அவன் பெயரைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "எம்பேரு எனக்குத் தெரியும்" என்றான். மன்னித்துவிடுடா என்றேன். "அத்த இங்க பேச வேணாம்" என்று வேலைக்குப் போய்விட்டான்.

மூன்று நாள் அங்கேயே கிடந்தேன். நானும் மூட்டை தூக்கினேன். நேற்று சாப்பிடும்போது தலையைத் தூக்காமல் கேட்டான்.

"நாலாவது சாவடி தொறக்குதா?"

"தொறக்குது."

"யாரு பண்ணது? ஒனக்குத் தெரியாதே."

"சரண்யா. நோட்டெல்லாம் எடுத்து வச்சிகினு ஒக்காந்து, நாய்க்குள்ள இருந்தத கண்டுபுடிச்சா."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டான். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு, பாண்டிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று மேஸ்திரியிடம் கேட்டான். நானும் வருகிறேன் என்றேன். "நீ வராத. நா தனியாப் போறேன்" என்றான்.

அவன் சொன்னது சரி. எப்போது வரலாம் என்று நீ சொல். சொல்லாவிட்டாலும் உன்மேல் குறை இல்லை.

மணவாளன்


கரியமாணிக்கம்
2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு

அண்ணா,

வந்துவிட்டார்.

பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரம். தெருமுனையில் நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. முதலில் பார்த்தவள் ரோஸ்லின். அப்பா என்று ஓடுவாள் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மாமியார் தெருவிலேயே உட்கார்ந்து கத்தி அழுதார். நாலு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. கிட்டே போனேன். ஆள் பாதியாகிவிட்டார். உன் கடிதத்தை நீட்டினார். வாங்கினேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"எங்கெல்லாம் தேடுன?"

"ஏரியில" என்றேன். "அப்புறம் கடலூர்ல. பொணத்துங்களுக்கு நடுவுல."

அதைக் கேட்டதும் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் எனக்குத் தெரிந்த கோபம். அதை எங்கே வைப்பது என்று தெரியும். இவர்மேல் இருப்பது எனக்குப் புதிது. எண்பது நாள் மூச்சு விட்டுக்கொண்டு இருந்துகொண்டே என்னைப் பிணவறை வாசலில் நிறுத்தியிருக்கிறார். உயிரோடு வந்தாரே என்று நன்றி சொல்கிறேன், அடுத்த நிமிஷம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. நீ இப்போது வராதே. வேண்டும்போது நானே எழுதுகிறேன்.

குளித்துவிட்டு வந்தார். இரண்டு தட்டில் சோறு போட்டேன். இரண்டையும் அவர் கையில் கொடுத்து, உள்ளறைக் கதவைத் தட்டச் சொன்னேன். "தொறக்க மாட்டா சரண்யா" என்றார். "தொறக்கற வரைக்கும் தட்டுங்க" என்றேன்.

அவள் இன்னும் திறக்கவில்லை. ஒரு தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

சரண்யா